எக்ஸ்ரே மேடமும் ஒரு பல்லும்

தயாரிப்பாளர் சங்கத்து ஆண்டு மலருக்காக அக்காவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். பிறந்தது, படித்தது, எடுத்த படங்கள், வாங்கிய விருதுகள், நடுவில் ஒரு புகைப்படம். எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை, ஆனால் அக்காவும் இல்லை. மனசு கேட்கவில்லை, அதனால் அந்தப் பக்கத்தில் சேர்க்க முடியாததை இங்கே எழுதுகிறேன். இதைப் படித்தால் அக்கா முதலில் கேட்கப்போவது, "யார் சொல்லி எழுதின?" என்றுதான்.

சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து. அப்பாவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. எரிந்துபோன கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் போய், தீ தானாகப் பிடித்ததா, யாராவது வைத்ததா என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் சட்டையில் கரி வாசனையோடு வந்து உட்காருவார். வேலையை வேலை செய்கிற இடத்திலேயே விட்டுவிட்டு வரும் பழக்கம் அவருக்குக் கிடையாது. மற்ற வீடுகளில் அப்பாக்கள், "ஸ்கூல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார்கள். எங்கள் அப்பா, "ஸ்கூல் விட்டது நாலரை, இப்ப மணி அஞ்சே கால், நடுவுல என்ன நடந்துச்சு?" என்பார். ஒரு தடவை கேட்டதோடு விடமாட்டார். சாப்பிட்டு முடித்த பிறகு அதையே முதலிலிருந்து கேட்பார். அதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. "நெசம் சொல்றவன் ரெண்டாவது தடவை கொஞ்சம் மாத்தித்தான் சொல்வான். ஞாபகம் அப்படித்தான் வரும். வரி மாறாம சொன்னான்னா, வீட்லயே சொல்லிப் பாத்துட்டு வந்திருக்கான்" என்பார்.

அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஒன்பது. ஒரு நாள் ஸ்கூல் முடிந்ததும் இரண்டு பேரும் சினிமாவுக்குப் போய்விட்டோம். படத்தில் பாதிதான் பார்த்தோம், அதற்குள் வீட்டுக்குப் போகலாம் என்று நான் நச்சரிக்க ஆரம்பித்துவிட்டேன். வழியெல்லாம் நான் அழுதேன். அக்கா அழவில்லை, யோசித்துக்கொண்டே நடந்தாள். தோழி வீட்டில் பாடம் எழுதிக்கொண்டிருந்தோம் என்று அப்பாவிடம் சொன்னாள். தோழியின் அம்மா பச்சைச் சேலை கட்டியிருந்தார் என்றாள். சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா மறுபடி கேட்டபோது, "பச்சைச் சேலை... இல்லப்பா, இரு, பச்சை இல்ல, நீலம். பச்சை வேற என்னிக்கோ" என்று தலையைச் சொறிந்தாள். அப்பா தலையாட்டிவிட்டுக் கைகழுவப் போனார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எங்கள் அப்பாவையே ஏமாற்ற முடியும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. அக்காவின் முதல் தயாரிப்பு அதுதான் என்று இப்போதும் நான் கேலி செய்வதுண்டு.

பொய் சொல்லத் தெரிந்தவள் மற்றவர்கள் சொல்லும் பொய்யைப் பொறுத்துக்கொள்வாள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அவளுக்கு அதன் சூட்சுமம் தெரியும், அதனால் எதையும் நம்பமாட்டாள்.

கல்லூரி முடித்ததும் ஒரு சினிமா கம்பெனியில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தாள். கையால் எழுதிய கதைகளை டைப் அடித்துக் கொடுக்கும் வேலை. மூன்றாவது மாதம் டைரக்டரின் அறைக் கதவைத் தட்டி, "சார், பன்னிரண்டாவது சீன்ல அப்பா செத்துட்டார். நாப்பத்தொண்ணுல பொண்ணு அப்பாகிட்ட போன்ல பேசுது" என்றாளாம். அந்தப் பெரியவர் முதலில் எரிந்து விழுந்தார். பிறகு கதையைப் புரட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவளை டைப்ரைட்டரிலிருந்து கிளப்பிப் படப்பிடிப்புக்கு அனுப்பினார்.

அங்கே அவளுக்குக் கிடைத்தது கன்டினியூட்டி வேலை. ஒரு காட்சியின் முன்பாதியை இன்று எடுப்பார்கள், பின்பாதியைப் பத்து நாள் கழித்து எடுப்பார்கள். இரண்டையும் ஒட்டும்போது நாயகனின் சட்டைப் பொத்தான் மாறியிருக்கக் கூடாது. டம்ளரில் டீ ஏறியிருக்கக் கூடாது. ஜன்னல் திறந்திருந்தால் திறந்தே இருக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் எல்லாவற்றையும் புகைப்படம் எடுத்து, நோட்டில் எழுதி வைக்க வேண்டும். பதினோரு வருஷம் அதைச் செய்தாள். செட்டில் அவளுக்கு எக்ஸ்ரே என்று பெயர் வைத்தார்கள், பிறகு மரியாதை வந்து எக்ஸ்ரே மேடம் ஆனாள். வீட்டிலும் அதே கண்தான். நாற்காலி ஒரு சாண் நகர்ந்திருந்தால் யார் வந்தார்கள் என்று கேட்பாள். அக்காவின் கணவர், எங்கள் மாமா ஒருவர்தான் தப்பித்தார். அவருக்கு வலது காது மந்தம், அவள் கேள்வியைத் தொடங்கும்போதே அந்தக் காதை அவள் பக்கமாகத் திருப்பிக்கொள்வார்.

கன்டினியூட்டியிலிருந்து புரொடக்‌ஷன் மேனேஜர் ஆனாள். நாற்பத்தொரு வயதில் ஒரு படத்தின் தயாரிப்பாளர் பாதியில் கம்பி நீட்டிவிட, மீதியை இவளே முடித்தாள். திரையில் அவள் பெயர் வந்தது. அப்புறம் சொந்தக் கம்பெனி, டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் ஒரு நீள அறை. மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தில் வாங்கிய மேஜை, அதில் எந்தப் பிள்ளையோ காம்பஸால் கிழித்த கோடுகள். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாசனை, மூடினால் புழுக்கம். நான் காஸ்ட்யூம் பார்த்துக்கொண்டேன். தங்கை என்று சலுகை எதுவும் கிடையாது. துணி வாங்கப் போனால் எந்தத் தெரு, எந்தக் கடை, ஏன் அந்தக் கடை என்று எனக்கும் விசாரணை உண்டு.

அவள் கேள்வி கேட்காமல் நம்பிய ஒரே ஆள் எங்கள் டைரக்டர்தான். வேறொருவர் படத்தில் உதவியாளராக இருந்த ஒல்லிப் பையன். அக்கா அப்போது மேனேஜர். ஒரு நாள் அவளிடம் தானாகவே வந்து, "மேடம், முந்தின ஷாட்ல ஜன்னல் மூடியிருந்துச்சு. இப்ப தெறந்திருக்கு. நான்தான் கவனிக்கல" என்றிருக்கிறார். அக்காவின் கண்ணுக்கே அது தப்பியிருந்தது. பிடிபடுவதற்கு முன்னால் தப்பை ஒப்புக்கொண்ட ஒருவரை அவள் அதுவரை பார்த்ததில்லை. சொந்தக் கம்பெனி தொடங்கியதும் முதல் போன் அவருக்குத்தான். இரண்டு படம் செய்தார்கள். இரண்டும் பேர் வாங்கின.

மூன்றாவது கதையை அவர் சொன்ன அன்று நானும் அந்த அறையில் இருந்தேன். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்யும் ஒரு பெண்ணுக்குக் குரல் போய்விடுகிறது. அவ்வளவுதான் கதை. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி, எங்கே தண்ணீர் குடிக்க வேண்டுமோ அங்கே குடித்து, இரண்டு மணி நேரம் சொன்னார். அக்கா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் ஆயுசுக்கு ஒரு படம் போதும்னா அது இதுதான் தம்பி. உன்னைத் தவிர யாராலயும் இதை எடுக்க முடியாது" என்றாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. நிறைய ஆசைப்பட்டால் அவளுக்குச் சந்தேகமும் நிறைய வரும்.

படப்பிடிப்புக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. புதன்கிழமை டைரக்டர் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. வியாழக்கிழமை நான் கூப்பிட்டபோது எடுத்தார். குரல் கொழகொழவென்று இருந்தது. "நாளைக்கு வந்துடறேங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அக்காவிடம் சொன்னேன்.

"குரல் எப்படி இருந்துச்சு?"

"ஒரு மாதிரி அமுங்கி இருந்துச்சுக்கா."

"பக்கத்துல யாரோ இருக்காங்க. அதான் வாயை மூடிக்கிட்டுப் பேசியிருக்கான்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அன்று மத்தியானம் எங்கள் கம்பெனி மேனேஜர் வந்து எண்ணெய் ஊற்றினார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் அக்காவுக்குத் தகவல் கொண்டுவருவதில் அவருக்கு ஒரு சந்தோஷம். "மேடம், சொல்லலாமா வேண்டாமான்னு தெரியல" என்று தொடங்கினார். அப்படித் தொடங்குகிறவர்கள் சொல்லாமல் போனதாகச் சரித்திரம் இல்லை. "நேத்து நம்ம டைரக்டரோட வண்டியப் பாத்தேன். பெரிய கம்பெனி இருக்கு பாருங்க, அந்தக் கட்டடத்துக்குக் கீழ நின்னுச்சு."

பெரிய கம்பெனி என்று நாங்கள் சொல்வது ஒன்றைத்தான். சின்னக் கம்பெனிகளில் நன்றாகச் செய்கிறவர்களை வரிசையாகக் கூப்பிட்டுக்கொள்பவர்கள் அவர்கள். எங்கள் கேமராமேனை அப்படித்தான் கொத்திக்கொண்டு போனார்கள். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. மேஜையில் கிடந்த கதைக் கட்டை எடுத்து டிராயருக்குள் வைத்துப் பூட்டினாள். அதன் நகல் டைரக்டரிடம் இருக்கிறது, அவர் தலைக்குள் முழுசாக இருக்கிறது. இருந்தாலும் பூட்டினாள்.

வெள்ளிக்கிழமை டைரக்டர் வந்தார். சாதாரணமாகத்தான் இருந்தார். ஏற்கெனவே அதிகம் பேசமாட்டார், அன்று இன்னும் குறைவாகப் பேசினார்.

"புதன்கிழமை எங்க தம்பி?"

"பல் டாக்டர்கிட்ட போயிருந்தேன் மேடம். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே வலி ஆரம்பிச்சுருச்சு. பத்து மணிக்குப் போனேன். பதினொண்ணுக்கு உள்ள கூப்பிட்டாங்க. ஒரு பல்லை எடுத்துட்டாங்க. மறுநாள் முழுக்கப் படுத்துட்டேன்."

"எந்த டாக்டர்?"

"பெரிய கம்பெனி இருக்கிற கட்டடம்தான் மேடம். மூணாவது மாடி."

அக்கா தலையாட்டிவிட்டு வேறு வேலையைப் பார்த்தாள். திங்கட்கிழமை, லொகேஷன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நடுவில், தற்செயலாகக் கேட்பதுபோல், "அன்னிக்கு என்ன ஆச்சுன்னு சொன்ன?" என்றாள்.

"பல் டாக்டர்கிட்ட போயிருந்தேன் மேடம். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே வலி ஆரம்பிச்சுருச்சு. பத்து மணிக்குப் போனேன். பதினொண்ணுக்கு உள்ள கூப்பிட்டாங்க..."

வரி மாறவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். அப்பா எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனது அந்த ஒரு பார்வையைத்தான்.

அவர் போனதும் என்னை அந்தக் கட்டடத்துக்கு அனுப்பினாள். போனேன். மூன்றாவது மாடியில் பல் டாக்டர் இருந்தார். பலகை, வரிசையாக நாற்காலிகள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாலு பேர். பெரிய கம்பெனி நாலாவது மாடி. இரண்டுக்கும் ஒரே லிஃப்ட். திரும்பி வந்து சொன்னேன்.

"டாக்டர் இருக்கார்க்கா."

"டாக்டர் இருந்தா இவன் போனான்னு ஆயிடுமா? மூணாவது மாடியில எறங்கினவன் நாலாவதுக்கு ஏற மாட்டானா?"

"எதுக்குக்கா இப்படி..."

"நீ யார் பக்கம்டி?"

அந்தக் கேள்விக்கு அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. அதுதான் என் வழக்கம். செய்திருக்க வேண்டியது வேறு, இப்போது சொல்லி என்ன பிரயோஜனம்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு எல்லோரையும் மேஜையைச் சுற்றி உட்காரவைத்தாள். டைரக்டர், மேனேஜர், நான். நேராகக் கேட்டுவிட்டாள். "தம்பி, பெரிய கம்பெனிக்கு எந்தக் கதையச் சொன்ன?"

டைரக்டருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. முகம் கறுத்தது.

"நான் பல் டாக்டர்கிட்ட..."

"அதத்தான் ரெண்டு தடவை சொல்லிட்டியே. ஒரு எழுத்துகூட மாறல. அப்படிச் சொல்றவங்களப் பாத்துப் பாத்து வளந்தவ நான்."

"மனப்பாடம் பண்ணினது நெசம்தான் மேடம்" என்றார் அவர். சத்தம் போடவில்லை. "உங்ககிட்ட எதுன்னாலும் சொல்லிப் பாத்துட்டுத்தான் வருவேன். வண்டியில வர்றப்ப நாலு தடவை சொல்லிப் பாத்துக்குவேன். ஏதாவது ஒண்ணு மாறிப்போச்சுன்னா நீங்க பிடிச்சுக்குவீங்களே. நான் மட்டும் இல்ல. இவரும் அப்படித்தான், லைட்காரங்களும் அப்படித்தான்."

மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார்.

அப்போது டைரக்டர் ஒரு காரியம் செய்தார். நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, அவள் முன்னால் குனிந்து, விரலால் உதட்டை ஒதுக்கி வாயைத் திறந்து காட்டினார். மேல்வரிசையில் இடது பக்கம், கோரைப்பல்லுக்கு அடுத்த பல் இல்லை. ஈறு இன்னும் சிவந்திருந்தது. நாற்பது வயது மனிதர், இரண்டு படம் எடுத்தவர், சந்தையில் பல் பார்த்து வாங்கும் குதிரைபோல் அங்கே நின்றார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

அக்கா பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பிறகு, "இது எப்பப் புடுங்கினதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள்.

அவர் வாயை மூடிக்கொண்டார். பையிலிருந்து தன்னிடம் இருந்த நகலை எடுத்து, இரண்டு கையாலும் மேஜைமேல் வைத்தார். "கதைய நீங்களே வச்சுக்கங்க மேடம். வேற யார வச்சு வேணாலும் எடுங்க. நான் எங்கயும் இதச் சொல்ல மாட்டேன்" என்றார். படிகளில் அவர் இறங்கும் சத்தமும், கீழே டயர் கடைக்காரரிடம் ஏதோ சொல்லும் சத்தமும் கேட்டன. வழக்கமாக விடைபெறுகிறவர்போல்தான் பேசினார்.

கதையைத் திருடப் போகிறார் என்று எண்ணிய மனிதர் கதையை விட்டுவிட்டுப் போகிறார். வேறு யாராக இருந்தாலும் பின்னாலேயே ஓடியிருப்பார்கள். அக்கா ஓடவில்லை. மறுநாள் காலை வந்ததும் என்னிடம், "பழைய படம் எல்லாத்தையும் எடு" என்றாள்.

"எதுக்கு?"

"அந்தப் பல்லு முன்னாடியே இல்லாம இருந்திருந்தா?"

அவள் சொன்னது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய விஷயம். இரண்டு படங்களுக்கும் லொகேஷன் தேடியதிலிருந்து கடைசி நாள் வரை எடுத்த எல்லாப் புகைப்படங்களும் எங்களிடம் இருக்கின்றன. இந்தப் படத்துக்கு லொகேஷன் பார்த்தபோது எடுத்ததையும் சேர்த்தால் ஆறாயிரத்துக்கு மேல். அவற்றில் டைரக்டர் பல் தெரியச் சிரிக்கும் படங்களைத் தேதிவாரியாகப் பார்த்தால், பல் என்றைக்குப் போனது என்று கண்டுபிடித்துவிடலாம். ஒரு மனிதனின் வாய்க்குக் கன்டினியூட்டி பார்க்க உட்கார்ந்தோம். என்னைச் சொல்ல வேண்டும், நானும்தானே கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

ஒரு மணி நேரம் ஒன்றும் கிடைக்கவில்லை. டைரக்டர் இருக்கிறார், வாய் மூடியிருக்கிறது. அடுத்தது, அதிலும் மூடியிருக்கிறது. "பாத்தியா, பல்ல மறைக்கத்தான்" என்றாள் அக்கா. பிறகு ஒன்று வந்தது. போன மாதம், இந்தப் படத்துக்கு ரயில் நிலையம் பார்க்கப் போனபோது உதவியாளர் எடுத்தது. பிளாட்பாரப் பெஞ்சில் டைரக்டர் லைட்காரர்களோடு உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, வாய் நிறையச் சிரிக்கிறார். இடது பக்கம் பல் இருந்தது. வெள்ளையாக, பளிச்சென்று.

"இருக்குக்கா" என்றேன்.

மவுஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பதினோரு வருஷம் அதையே பார்த்த கண் சும்மா இருக்குமா? வேகமாகப் பின்னோக்கிப் போனாள். அவர் சிரிக்கும் படங்கள் இன்னும் கிடைத்தன. மேக்கப் அறையில், வேன் படியில், மழைக்கு ஒதுங்கிய கொட்டகையில். ஒவ்வொன்றிலும் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தாள். பிறகு விரலால் திரையைத் தொட்டாள்.

"இதுல நான் இல்ல."

அடுத்தது. "இதுலயும் நான் இல்ல." அடுத்தது. "இதுல இருக்கேன். வாய மூடியிருக்கான்." அடுத்தது. "இருக்கேன். மூடியிருக்கான்."

ஆறாயிரம் படம். அவள் இருக்கும் ஒரு படத்திலும் அவர் சிரிக்கவில்லை. அவர் மட்டுமில்லை. மேனேஜர் கைகட்டி நிற்கிறார். லைட்காரர்கள் தரையைப் பார்க்கிறார்கள். அக்கா நாற்காலியில் திரும்பி, குற்றவாளியிடம் கேட்பதுபோல் இல்லாமல், முதல் தடவையாக என்னிடம் சும்மா கேட்டாள். "நீ எதுல சிரிக்கிற?"

"மேக்கப் ரூம்ல எடுத்ததுல இருக்கும்க்கா."

"நான் இருக்கிறப்ப?"

தேடுகிற மாதிரி திரையைப் பார்த்தேன். இல்லை என்பது எனக்குத் தெரியும்.

போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். இரண்டாவது மணியிலேயே அவர் எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க மேடம்."

மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தாள். அந்த வார்த்தை எங்கள் வீட்டில் புழங்காத ஒன்று, வாயில் வரவில்லை. "தம்பி, வலி எப்படி இருக்கு?" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், அதில் வேறெதுவும் இல்லை. ஒருத்தருக்கு வலிக்கிறதா என்று அக்கா கேட்டு நான் கேட்டதில்லை. அப்படிக் கேட்டாள்.

அந்தப் பக்கம் காகிதம் சரசரக்கும் சத்தம் கேட்டது.

"ரசீது இருக்கு மேடம்" என்றார் டைரக்டர். "தேதி, நேரம் எல்லாம் போட்டிருக்கு. இப்பவே அனுப்பறேன்."

"இல்ல தம்பி, நான் அதுக்குக் கேக்கல..."

அவர் வைத்துவிட்டார். இரண்டு நிமிஷத்தில் ரசீதின் படம் வந்தது. அக்கா அதைத் திறந்தாள். இரண்டு விரலை வைத்து, தேதி இருந்த இடத்தைப் பெரிதாக்கினாள். புதன்கிழமை, பதினொன்று ஐம்பது. அடித்துத் திருத்தியிருக்கிறதா என்று இன்னும் பெரிதாக்கினாள். அப்போதுதான் தன் விரல்களைப் பார்த்தாள். போனைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்துவிட்டு அழுதாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், தொடலாமா என்று தெரியவில்லை.